‘போலி’ உறுப்பிலிருந்து புதிய புலனுக்கு: மென்மின் மீன் ஆய்வின் வரலாறு

மனிதன் தன் புலன்களை அளவுகோலாகக் கொண்டே பிற உயிர்களின் புலன்களை மதிப்பிட்டு வந்துள்ளான். கண்ணுக்குப் புலப்படுவதும் காதுக்குக் கேட்பதும் கைக்குத் தட்டுப்படுவதுமே உலகம் எனக் கொண்ட அவனுக்கு, தன்னிடம் இல்லாத ஒரு புலன் வேறோர் உயிரிடத்தே இருக்கக்கூடும் என்ற எண்ணம் எளிதில் எழுவதில்லை. ஆபிரிக்காவிலும் தென்னமெரிக்காவிலும் உள்ள கலங்கிய ஆறுகளில் வாழும் சில மீனினங்கள் தம் உடலிலிருந்து மிகச் சிறிய மின்னோட்டங்களை இடையறாது வெளிவிட்டு, அவற்றின் துணையால் இருளில் வழியறிந்தும் தம்முள் உறவாடியும் வாழ்கின்றன. இவ்வுண்மை 1951 ஆம் ஆண்டின் பின்னரே தெளிவாகத் தெரியத் தொடங்கியது. ஆயின், அம்மின்னை உண்டாக்கும் உறுப்புக்களோ அதற்கு நூறாண்டுகளுக்கு முன்பே வெட்டி ஆராயப்பட்டுப் பெயரும் இடப்பட்டிருந்தன. உறுப்பு தெரிந்திருந்தும் அதன் தொழில் தெரியாதிருந்த இந்த நீண்ட இடைவெளி ஏன் ஏற்பட்டது, அது எவ்வாறு கடக்கப்பட்டது என்னும் இரு வினாக்களை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அதிர்ச்சியால் அறியப்பட்டவை

மின்மீன்களை மனிதன் முதன்முதலில் வலியின் மூலமே அறிந்தான். நைல் நதியின் மின்கெளிறு பண்டைய எகிப்தியக் கல்லறைச் சுவர்களில் செதுக்கப்பட்டுள்ளது. மத்தியதரைக் கடலின் மின்திருக்கையை உரோம வைத்தியரான ஸ்கிரிபோனியஸ் லார்கஸ் கி.பி. முதலாம் நூற்றாண்டில் தலைவலிக்கும் கால்வாதத்துக்கும் பரிகாரமாக விதித்தார். மின்கெளிறு வாழ்ந்த அதே நைல் நதியில் நீண்டு வளைந்த மூஞ்சியையுடைய மோர்மைரஸ் என்னும் மீனும் வாழ்ந்தது. ஒக்சிரிங்கஸ் நகரத்தவர் அதனைப் புனிதமாகப் போற்றி வெண்கலத்தில் அதன் உருவத்தை வார்த்தனர். எனினும், அதனைக் கையிலெடுத்த எவருக்கும் அதிர்ச்சி ஏற்படாமையால், தாம் வணங்கியதும் ஒரு மின்மீனே என்பதை அறியும் வாய்ப்பு அவர்களுக்கு இருக்கவில்லை.

பதினெட்டாம் நூற்றாண்டில் மின்னியல் ஒரு துறையாக உருப்பெற்றபோது, வன்மையான அதிர்ச்சி தரும் மீன்கள் அதன் மையப் பொருள்களுள் ஒன்றாயின. 1772 இல் ஜோன் வோல்ஷ் என்னும் ஆங்கிலேயர் பிரான்சின் லா றொஷெல் நகரில் மின்திருக்கையைக் கொண்டு பரிசோதனைகள் நடத்தினார். மீனின் அதிர்ச்சி உலோகங்களினூடாகச் செல்கின்றது என்பதையும் காவலிகளால் தடுக்கப்படுகின்றது என்பதையும் அவர் காட்டினார். அடுத்த ஆண்டில் ஜோன் ஹன்ரர் அம்மீனின் மின்னுறுப்பை வெட்டி ஆராய்ந்து, அது தட்டுக்கள் அடுக்கப்பட்ட நூற்றுக்கணக்கான நிரல்களால் ஆனது என வெளிப்படுத்தினார். 1776 இல் ஹென்றி கவென்டிஷ் தோலாலும் மரத்தாலும் ஒரு செயற்கைத் திருக்கையை அமைத்து, நீரில் மூழ்கியிருக்கும் மீனொன்று எவ்வாறு அதிர்ச்சி தரமுடியும் என்பதை விளக்கினார். 1800 இல் வோல்ற்றா தமது மின்னடுக்கை வெளியிட்டபோது, அதனை மின்திருக்கையின் உறுப்போடு ஒப்பிட்டமை குறிப்பிடத்தக்கது. அதே ஆண்டில் ஹம்போல்ட் வெனிசுவேலாவின் கலபோசோ நகரருகே மின்விலாங்குகளைப் பிடிப்பித்து ஆராய்ந்தார். 1838 இல் மைக்கல் பரடே இலண்டனில் ஒரு மின்விலாங்கைச் சுற்றி நீரின் பல்வேறிடங்களிற் கைகளை வைத்து, மின்னோட்டம் மீனைச் சூழ எவ்வாறு பரவுகின்றது என்பதைக் கண்டறிந்தார்.

இவை யாவும் பெருமைக்குரிய ஆய்வுகளே. ஆயினும், இவற்றுக்குப் பொதுவான ஓர் இயல்பு ஈண்டு நோக்கற்பாலது. மின்னை அளந்த கருவிகளுள் முதன்மையானது மனித உடலே. கை உணர்ந்தால் மீனிடம் மின் உண்டு; உணராவிடின் இல்லை. இவ்வளவுகோலே பின்னர் வந்தோரை வழிதவறச் செய்தது.

டார்வின் கண்ட இடர்ப்பாடு

பத்தொன்பதாம் நூற்றாண்டின் உடலமைப்பியலாளர் மோர்மைரஸ், ஜிம்னார்க்கஸ் ஆகிய ஆபிரிக்க மீன்களின் வாலிலும், சாதாரண திருக்கையினங்கள் சிலவற்றின் வாலிலும், மின்திருக்கையின் உறுப்பை ஒத்த அமைப்புக்களைக் கண்டனர். தட்டுக்களின் அடுக்கும் நரம்புகளின் செறிவும் அவ்வாறே இருந்தன. ஆனால் அம்மீன்கள் அதிர்ச்சி எதனையும் தரவில்லை. ஆகவே, இவ்வுறுப்புக்கள் ‘போலி மின்னுறுப்புக்கள்’ எனப் பெயர்பெற்றன. அப்பெயர் ஒரு தீர்ப்பும் ஆயிற்று. உண்மையான மின்னுறுப்பு அதிர்ச்சி தருவது. ஏனையவை அதன் நிறைவுபெறாத சாயல்கள் என்ற கருத்து அதனுள் அடங்கியிருந்தது.

1859 இல் வெளியான ‘உயிரினங்களின் தோற்றம்’ என்னும் நூலில், தம் கொள்கைக்கு எதிராகக் கூறப்படக்கூடிய இடர்ப்பாடுகளை டார்வின் தாமே தொகுத்துரைத்தார். அவற்றுள் மின்னுறுப்பும் ஒன்று. இயற்கைத் தேர்வு ஓர் உறுப்பைப் படிப்படியாக உருவாக்குவதாயின், ஒவ்வொரு படியும் அவ்வுயிருக்குப் பயன்தர வேண்டும். எதிரியை வீழ்த்தவல்ல மின்னுறுப்பின் பயன் வெளிப்படை. ஆனால் அவ்வலிமையை அடையுமுன் இருந்த சிறிய உறுப்பால் என்ன பயன்? அவ்வுறுப்பு எப்படிகளினூடாகத் தோன்றியிருக்கும் என்பதைக் கற்பனை செய்யவும் இயலவில்லை என டார்வின் ஒப்புக்கொண்டார். அது சாதாரண தசையை ஒத்தது என்பதையும், திருக்கைகளில் ஒப்பான உறுப்பொன்று உண்டெனினும் அது மின் எதனையும் வெளிவிடுவதில்லை என மத்தேயூச்சி கூறியதையும் அவர் எடுத்துக்காட்டினார். ஒன்றுக்கொன்று உறவற்ற மீன் குலங்கள் பலவற்றில் மின்னுறுப்புக் காணப்படுவது அவர் சுட்டிய இரண்டாவது இடர்ப்பாடாகும்.

மத்தேயூச்சியின் கூற்று நிலைக்கவில்லை. 1877 இல் உருசிய ஆய்வாளரான பபூக்கின் மோர்மைரஸ் மீனிலும், 1888 இல் பேர்டன்-சான்டர்சன், கொச் ஆகிய இருவரும் திருக்கையிலும் வலுக்குறைந்த மின்னிறக்கங்களைப் பதிவு செய்தனர். இவ்வாறாக, மின் உண்டு என்பது தெரியவந்தது. ஆனால் அது எதற்காக என்பது தெரியவில்லை. 1917 இல் பாக்கர், வான் ஹூசன் ஆகிய அமெரிக்கர் மற்றுமோர் உண்மையைக் கண்டனர். கெளிறு மீனொன்று தன்னருகே கொண்டுவரப்பட்ட உலோகக் கோலைத் தொடாமலே உணர்ந்தது. கண்ணாடிக் கோலையோ தொட்டபின்னரே உணர்ந்தது. நீரில் உலோகம் தோற்றுவிக்கும் சிறு மின்னோட்டமே இதற்குக் காரணம் என அவர்கள் காட்டினர். மின்னை வெளிவிடும் மீன் ஒருபுறம், மின்னை உணரும் மீன் மறுபுறம் என இரு செய்திகளும் தனித்தனியே கிடந்தன. இவற்றை ஒன்றாக இணைக்கும் வினா எவருள்ளத்திலும் எழவில்லை.

லிஸ்மனின் அவதானிப்பு

அவ்வினாவை எழுப்பியவர் ஹான்ஸ் லிஸ்மன். ஜேர்மானியப் பெற்றோருக்கு 1909 இல் கருங்கடற் பகுதியின் நிக்கொலாயேவ் நகரிற் பிறந்த அவர், ஹம்பேர்க் பல்கலைக்கழகத்தில் யாக்கொப் பொன் யூக்ஸ்கியூல் என்பாரிடம் பயின்றார். ஒவ்வொரு விலங்கும் தன் புலன்களுக்கு எட்டும் தனியுலகமொன்றில் வாழ்கின்றது, அதனை விளங்கிக்கொள்ளாமல் அதன் நடத்தையை விளங்கிக்கொள்ள முடியாது என்பதே யூக்ஸ்கியூலின் அடிப்படைப் போதனை. நாற்சி ஆட்சிக்கு உடன்படாத லிஸ்மன் ஜேர்மனியை நீங்கி 1934 இல் கேம்பிறிட்ஜை அடைந்து, விலங்குகளின் இயக்கத்தை ஆராய்ந்தார். இரண்டாம் உலக யுத்த காலத்தில் எதிரி நாட்டவரெனத் தடுத்து வைக்கப்பட்ட அவர், பின்னர் கேம்பிறிட்ஜுக்கே மீண்டார்.

ஜிம்னார்க்கஸ் நைல் முதலிய ஆபிரிக்க ஆறுகளில் வாழ்வது. ஒரு மீற்றருக்கு மேலும் வளரக்கூடியது. அதன் கண்கள் வலுக்குறைந்தவை. பெரும்பாலான மீன்கள் உடலை வளைத்தும் வாலை வீசியும் நீந்த, இதுவோ உடலை நேராக விறைத்து வைத்துக்கொண்டு முதுகு நெடுகிலும் உள்ள நீண்ட செட்டையை அலைபோல் அசைத்து, முன்னோக்கியும் பின்னோக்கியும் ஒரே இலகுவுடன் நீந்தும். இலண்டன் விலங்கினக் காட்சிச்சாலையில் இதனை அவதானித்த லிஸ்மன், பின்னோக்கி நீந்தும்போதும் அது எத்தடையிலும் முட்டாமல் இடுக்குகளினுள் நுழைவதைக் கண்டார். பின்புறத்தே கண்ணில்லை, கலங்கிய நீரிற் கண்ணிருந்தும் பயனில்லை. எனவே, வேறொரு புலன் செயற்பட வேண்டும் என அவர் கருதினார்.

மீன் வாழும் தொட்டியில் ஒரு சோடி மின்வாய்களை இட்டு, விரியலாக்கியினூடாக அலைகாட்டியுடன் இணைத்தபோது விடை திரையிற் தோன்றியது. மீனின் வாலிலிருந்து செக்கனுக்கு ஏறத்தாழ 300 என்ற அளவில் மின்துடிப்புக்கள் ஓய்வின்றி எழுந்துகொண்டிருந்தன. இச்செய்தி 1951 இல் ‘நேச்சர்’ சஞ்சிகையில் வெளியாயிற்று. இருமுனையும் நீருள் இருக்குமாறு வளைத்த செப்புக் கம்பியைத் தொட்டியில் இட்டால் மீன் விலகியோடியது. காவலிப் பொருள்கள் அவ்விளைவைத் தரவில்லை. தலைமயிரை வாரிய சீப்பைத் தொட்டிக்கு அருகே கொண்டுவந்தாலும் அது உணர்ந்தது. அதன் துடிப்புக்களையே மீண்டும் நீரிற் செலுத்தியபோது மின்வாய்களைத் தாக்க முற்பட்டது. ஆகவே, மீன் மின்னை வெளிவிடுவது மட்டுமன்றி, மின்னை உணரவும் வல்லது என்பது உறுதியாயிற்று.

பானைப் பரிசோதனை

ஆயினும், மின்னால் மீன் பொருள்களின் இடத்தை அறிகின்றது என்பதை ஐயத்துக்கிடமின்றி நிறுவ வேண்டியிருந்தது. பார்வை, மணம், நீரசைவு ஆகிய ஏனைய வழிகள் யாவும் அடைக்கப்பட வேண்டும். முன்னர் வானொலி வானியலில் ஈடுபட்ட பௌதிகவியலாளரான கென்னத் மேச்சினுடன் இணைந்து லிஸ்மன் இதற்கென வகுத்த பரிசோதனை, நடத்தை ஆய்வின் வரலாற்றிற் சிறந்த முன்மாதிரிகளுள் ஒன்றாக விளங்குகின்றது.

நுண்டுளைகள் கொண்ட, ஒரே தோற்றமுடைய இரு மட்கலங்கள் தொட்டியில் வைக்கப்பட்டன. நீரில் ஊறிய மட்கலத்தின் சுவர் மின்னைக் கடத்தும். ஆனால் உள்ளிருப்பதைக் கண்ணுக்குக் காட்டாது. ஒன்றினுள் தொட்டி நீரும் மற்றதனுள் பரபின் மெழுகு போன்ற கடத்தாப் பொருளும் இருந்தன. நீருள்ள கலத்தை அணுகினால் மீனுக்கு உணவு கிடைத்தது. மற்றதை அணுகினால் அது விரட்டப்பட்டது. மீன் விரைவிலேயே வேறுபாட்டைக் கற்றுக்கொண்டது. தொட்டி நீரையும் காய்ச்சி வடித்த நீரையும் வெவ்வேறு விகிதங்களிற் கலந்து வைத்தபோதும் கடத்துதிறனின் சிறு வேறுபாடுகளை அது அறிந்தது. நீர் நிறைந்த கலத்தினுள் ஓரிரு மில்லிமீற்றர் தடிப்புள்ள கண்ணாடிக் கோலை மறைத்து வைத்தாலும் கண்டுகொண்டது.

1958 இல் இவ்வாய்வுகள் ‘பரிசோதனை உயிரியற் சஞ்சிகை’யில் இரு கட்டுரைகளாக வெளிவந்தன. மீனின் வால் ஒருமுனையாகவும் உடலின் முன்பகுதி மறுமுனையாகவும் அமைய, அதனைச் சூழ ஒரு மின்புலம் உருவாகின்றது. நீரிலும் சிறந்த கடத்தி அருகே வரின் மின்கோடுகள் அதனை நோக்கிச் செறியும். காவலி வரின் விலகிச் செல்லும். இதனாற் தோலின் மேற்பரப்பில் விழும் மின்கோலம் மாறும். வௌவாலைப் போல எதிரொலி மீளும் நேரத்தை இம்மீன் அளப்பதில்லை. தன் தோலின்மீது விழும் மின் நிழலையே அது வாசிக்கின்றது. உடலை வளைத்தால் அந்நிழலும் குலையும். ஜிம்னார்க்கஸ் உடலை விறைப்பாக வைத்திருப்பதன் காரணம் இதனாற் புலனாகின்றது. தென்னமெரிக்காவின் கத்திமீன்களும் உடலை நேராகவே வைத்து நீந்துகின்றன. அவை அசைப்பதோ வயிற்றுப்புறச் செட்டையை. முதுகும் வயிறும் வேறெனினும் தீர்வு ஒன்றே.

மின்னை உணரும் வாங்கிகள் தோலில் உள்ள நுண்ணிய குழிகளாக இருக்கவேண்டும் என லிஸ்மன் கருதினார். 1961 இல் தியடோர் புல்லொக்கும் அவருடன் பணியாற்றியோரும் அமெரிக்காவிலும், பெசார், சபோ ஆகியோர் பிரான்சிலும் அவற்றின் நரம்புகளிலிருந்து நேரடியாகப் பதிவு செய்து அதனை நிறுவினர். இவ்வாறு ஒரு புலன் அறிவியலின் பட்டியலில் இடம்பெற்றது.

மின்மொழி

வழியறிதல் இம்மின்னின் ஒரு பயனே. 1957 இல் ஜேர்மானிய விலங்கியலாளர் மோரஸ், மோர்மைரஸ் குடும்ப மீன்கள் தத்தம் வாழிடத்தின் எல்லையைப் பிறருக்கு உணர்த்த மின்னிறக்கத்தைப் பயன்படுத்துகின்றன எனக் காட்டினார். ஆய்வுகூடத்தை விட்டு ஆற்றுக்கே சென்று இவ்விடயத்தை விரிவுபடுத்தியவர் அமெரிக்கரான கார்ல் ஹொப்கின்ஸ். கயானாவில் ஸ்ரேனோபைகஸ் என்னும் கத்திமீனை ஆராய்ந்த அவர், இனப்பெருக்க காலத்தில் ஆண்மீன் தாழ்ந்த மீடிறனிலும் பெண்மீன் அதனிலும் உயர்ந்த மீடிறனிலும் மின்னைச் செலுத்துவதை 1972 இல் வெளியிட்டார். பெண்மீன் கடந்து செல்லும்போது ஆண்மீன் தன் துடிப்பை ஏற்றியும் நிறுத்தியும் காட்டும். பெண்மீனின் மீடிறனை ஒத்த செயற்கைத் துடிப்புக்கும் அவ்வாறே மறுமொழி கூறும். 1981 இல் ஹொப்கின்ஸும் பாஸும் காபோன் நாட்டு மோர்மைரஸ் குடும்ப மீன்களை ஆராய்ந்து, துடிப்பின் நேர ஒழுங்கைக் கொண்டே மீன்கள் தம்மினத்தை அறிகின்றன எனக் காட்டினர். மனிதருக்கு ஓசையும் ஒளியும் அற்றதாகத் தோன்றும் இரவு ஆறு, அம்மீன்களுக்குப் பேச்சு நிறைந்த இடமாக இருக்கின்றது.

நரம்புத்தொகுதியின் கணிப்பு

1963 இல் யப்பானியரான வற்றநபே, தக்கெடா ஆகியோர் ஐகென்மானியா என்னும் கத்திமீனில் விந்தையான ஒரு நடத்தையைக் கண்டனர். நெருங்கிய மீடிறனுடைய இரு மீன்கள் சந்திக்கும்போது அவற்றின் அலைகள் ஒன்றையொன்று குழப்பும். பொருள்களை அறியும் திறன் குன்றும். உதாரணமாக, ஒன்று 300 ஆகவும் மற்றது 303 ஆகவும் இருப்பின், முதலாவது தன் மீடிறனை மேலும் தாழ்த்தும்; இரண்டாவது மேலும் உயர்த்தும். இடையூறு தவிர்க்கும் மறுமொழி என இது வழங்கப்படுகின்றது.

மற்றதன் மீடிறன் தன்னதிலும் கூடியதா குறைந்ததா என்பதை மீன் எவ்வாறு தீர்மானிக்கின்றது? மூளையில் இருந்து துடிப்பை இயக்கும் நரம்புக் கூட்டத்துடன் அது ஒப்பிடலாம் எனத் தோன்றும். கொன்றாட் லோறன்சின் மாணவராயிருந்து பின்னர் கலிபோர்னியாவின் ஸ்கிரிப்ஸ் நிறுவனத்திற் பணியாற்றிய வால்ரர் ஹைலிகன்பேர்க் இவ்வெண்ணம் தவறெனக் காட்டினார். மீனின் சொந்த மின்னிறக்கத்தை மருந்தால் அடக்கி, அதற்குப் பதிலாகச் செயற்கை அலையைச் செலுத்தியபோது, மூளையின் இயக்கியோடு தொடர்பில்லாத அவ்வலையையே மீன் தன்னதாகக் கொண்டு சரியான மறுமொழி கூறியது. அயல்மீனின் அலை உடலின் எல்லாப் பகுதிகளிலும் ஒரே அளவிற் கலப்பதில்லை. வீச்சத்தின் ஏற்ற இறக்கத்தையும், ஒரு பகுதிக்கும் மற்றொரு பகுதிக்கும் இடையிலான அவத்தை வேறுபாட்டையும் ஒருங்கே நோக்கியே மீன் விடையைப் பெறுகின்றது. தனியொரு நரம்புக்கலம் தீர்ப்பளிப்பதில்லை. பல்லாயிரம் கலங்களின் சிறு சாட்சியங்கள் மூளையின் படிநிலைகளில் ஒன்றுதிரண்டே தீர்ப்பாகின்றன.

முள்ளந்தண்டு விலங்கொன்றின் இயல்பான நடத்தையைப் புலன்வாங்கி தொடக்கம் இயக்க நரம்பு வரை படிப்படியாகத் தொடர்ந்து விளக்கிய முன்னோடி ஆய்வுகளுள் இது தலையாயது. 1991 இல் இதனை ஒரு நூலாகத் தொகுத்த ஹைலிகன்பேர்க், 1994 இல் பிற்ஸ்பேர்க் அருகே நேர்ந்த விமான விபத்தில் உயிரிழந்தார். ஆபிரிக்க ஜிம்னார்க்கஸும் தனித்துக் கூர்ப்படைந்திருந்தும் இதே கணிப்பு விதியைக் கையாள்கின்றது என்பது 1993 இல் வெளியான கவசாகியின் ஆய்வால் தெரியவந்தது.

இடர்ப்பாட்டின் தீர்வு

இனி டார்வினின் வினாவுக்கு மீளலாம். சிறிய மின்னுறுப்பால் என்ன பயன் என்பதற்கு லிஸ்மன் தமது 1958 ஆம் ஆண்டுக் கட்டுரையிலேயே விடை கண்டார். தசை இயங்கும்போதெல்லாம் சிறிது மின் எழுகின்றது. அதனை உணரவல்ல மீனுக்கு அது இரையையும் சூழலையும் அறியும் துணையாகும். அம்மின் சற்று வலுப்பெறும் ஒவ்வொரு படியும் புலனின் எல்லையை விரிப்பதால் மீனுக்குப் பயன்தரும். அதிர்ச்சி தரும் வலிமை சில குலங்களில் இவ்வழியின் இறுதியிற் கிட்டியதாகும். மின்விலாங்கே இதற்குச் சான்று: 600 உவோற்றுக்கு மேற்பட்ட அதிர்ச்சி தரும் அம்மீன், வழியறிவதற்கென மெல்லிய துடிப்புக்களையும் வெளிவிடுகின்றது. மின்னுறுப்பின் ஒரு கலம் ஒரு உவோற்றின் பத்திலொரு பங்களவு அழுத்தத்தையே தருகின்றது; ஆயிரக்கணக்கான கலங்கள் தொடராக அடுக்கப்படும்போது அது பேரழுத்தமாகின்றது. மின்திருக்கை, மின்கெளிறு ஆகியவற்றின் வரலாற்றுக்கு இவ்விளக்கம் இவ்வளவு நேராகப் பொருந்தாதெனினும், சிறியது பயனற்றது என்ற தடை நீங்கிவிட்டது.

உணரும் திறன் வெளிவிடும் திறனிலும் தொன்மையானது என்பதும் பின்னர் உறுதியாயிற்று. மணலுள் மறைந்த தட்டைமீனைச் சுறா அதன் உடல்மின்னைக் கொண்டே கண்டுபிடிக்கின்றது என 1971 இல் அட்ரியான் கால்மைன் காட்டினார். டார்வினின் இரண்டாவது இடர்ப்பாட்டுக்குப் பரம்பரையலகு ஆய்வு விடை தந்துள்ளது. மீன் குலங்களின் முன்னோரில் நிகழ்ந்த இரட்டிப்பால், தசைக்குரிய சோடியம் வாயிற் பரம்பரையலகு இரு பிரதிகளாயிற்று. ஒரு பிரதி தசையின் தொழிலைத் தொடர, மற்றது ஆபிரிக்க, தென்னமெரிக்க மீன்களில் தனித்தனியே மின்னுறுப்புக்கு உரியதாயிற்று என 2006 இல் சேக்கனும் அவர் குழுவினரும் வெளியிட்டனர். 2014 இல் மின்விலாங்கின் முழுப் பரம்பரையலகுத் தொகுதி வெளிவந்தபோது, மின்னுறுப்புக்கள் ஆறு முறை தனித்தனியே தோன்றினும் ஒத்த பரம்பரையலகுகளே அவற்றிற் கையாளப்பட்டிருப்பது தெரிந்தது.

மேற்கூறிய வரலாற்றில் ஒரு தடையும் அதன் நீக்கமும் தெளிவாகத் தெரிகின்றன. கருவிகள் இல்லாமை மட்டும் தடையாக இருக்கவில்லை. 1877 இலேயே மென்மின் பதிவாகிவிட்டது. ‘போலி’ என்னும் பெயர், வினா எழுவதற்கு முன்பே விடையைக் கூறிவிட்டது. அப்பெயரின் பின்னே மனிதக் கையே அளவுகோலாக நின்றது. மின்னைத் தேடுமுன் மீனின் நடத்தையை நோக்கி, அதன் உலகில் எது அதற்குத் தேவை எனக் கேட்டவரே அத்தடையைக் கடந்தார். அலைகாட்டி அவர் கேட்ட வினாவுக்கே விடை கூறியது. பயனற்றதென ஒதுக்கப்பட்ட உறுப்பு ஒரு புதிய புலனுக்கும், மூளையின் கணிப்பு முறைக்கும், கூர்ப்புக் கொள்கையின் பழைய இடர்ப்பாட்டொன்றின் தீர்வுக்கும் வாயிலாக அமைந்தது. இயற்கையில் ஒன்றைப் ‘போலி’ என்றோ ‘குறை’ என்றோ பெயரிடுமுன், அக்குறை அவ்வுயிரிடத்தா அன்றி அதனை அளந்த கோலிடத்தா உள்ளது என வினவுவது ஆய்வாளரின் முதற் கடமை என்பதை இவ்வரலாறு உணர்த்துகின்றது.